கார் பம்ப் ஸ்டாப்பர்: எப்போது மாற்றணும், ஏன் மாற்றணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாக் அப்சார்பர் வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. நம் ஊரில் அதிகம் ஓடும் சின்னக் குடும்பக் கார்களை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். இவற்றில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கும். பின்பக்கம் இரண்டும் தனித்தனியாக இருக்கும். பொலேரோ மாதிரி, தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும் சேஸிஸ் வண்டிகளுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

பம்ப் ஸ்டாப்பர்னா என்ன? என் கார்ல அது எங்க இருக்கு?

ஷாக்கின் மேல்பக்கம் பளபளவென்று ஒரு கம்பி வெளியே வரும். அந்தக் கம்பியில் கோர்த்த மாதிரி, இரண்டு மூன்று மடிப்புகளோடு இருக்கும் உருளைதான் பம்ப் ஸ்டாப்பர். கடைகளில் 'ஸ்டாப்பர் ரப்பர்', 'பம்பர் ரப்பர்' என்றும் கேட்பார்கள். அதன் மேல் அக்கார்டியன் மாதிரி மடிந்த ஒரு டஸ்ட் பூட் (தூசி தடுக்கும் உறை) மூடியிருப்பதால் வெளியே தெரியாது. சில கார்களில் பூட்டும் ஸ்டாப்பரும் ஒரே பொருளாகச் சேர்ந்தே வரும்.

பின்பக்கம் காருக்குக் கார் மாறும். சிலவற்றில் பின் ஷாக்கின் கம்பியிலேயே இருக்கும். சிலவற்றில் காயில் (சுருள்) ஸ்பிரிங்கின் நடுவே, பாடியிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும்.

ஸ்பிரிங் இருக்கு, ஷாக் இருக்கு. அப்புறம் இந்த ரப்பர் எதுக்கு?

சின்னக் காரில் சக்கரம் மேலே எழுவதற்கு இருக்கும் இடம் ஒரு சாண் கூடக் கிடையாது. ஐந்து பேர் ஏறி, டிக்கியும் நிறைந்தால் அதிலும் பாதி போய்விடும். அந்த நிலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஷாக்கின் பிஸ்டன் அடிவரை போய் இடிக்கப் பார்க்கும். அங்கே இருப்பது இரும்பும் வால்வும். அந்த இடி நடக்காமல் கடைசி சில சென்டிமீட்டரில் வேகத்தை விழுங்கிக்கொள்வது பம்ப் ஸ்டாப்பரின் வேலை.

அது முட்டுக்கட்டை மட்டும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இன்றைய கார்களில் அது இரண்டாவது ஸ்பிரிங். ஆள் குறைவாக இருக்கும்போது வண்டி மெத்தென்று போகணும், ஆள் நிறைந்தால் தரையில் தட்டக் கூடாது. இரண்டையும் ஒரே காயில் ஸ்பிரிங்கால் செய்ய முடியாது. அதனால் காயிலை மென்மையாக வைத்து, மிச்சச் சுமையை ஸ்டாப்பர் வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கிறார்கள். ஆகவே அது உதிர்ந்துவிட்டால் சஸ்பென்ஷனில் ஒரு பகுதியே இல்லை என்றுதான் பொருள்.

கையில எடுத்தா ஸ்பாஞ்ச் மாதிரி லேசா இருக்கே, இது எப்படி ஒரு காரைத் தாங்கும்?

பெரும்பாலான கார்களில் அது ரப்பரே இல்லை, பாலியூரித்தேன் நுரை. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் காற்றறைகள் உள்ளே நிறைந்திருக்கும். கெட்டி ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில் பிதுங்கும். இந்த நுரை உள்ளுக்குள்ளேயே சுருங்கும். தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே அமுங்கினாலும் அவ்வளவாகப் பிதுங்காது. முதல் சென்டிமீட்டர் விரலால் அழுத்தினால் கூடக் கொஞ்சம் வளையும். போகப்போக இறுகி, கடைசியில் கட்டைபோல ஆகிவிடும். பயணிக்கு இடி தெரியாமல் சுமை மட்டும் நிற்பது இந்தக் குணத்தால்தான்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாத்தணும்?

எண்ணெய் மாதிரி கிலோமீட்டர் வைத்து மாற்றும் பொருள் இல்லை. பார்த்து மாற்ற வேண்டியது. ஆண்டுக்கு ஒருமுறையோ, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர் இடம் மாற்றும்போதோ பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டால் போதும். இதற்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று: எந்தக் காரணத்துக்காக ஷாக்கை மாற்றினாலும் ஸ்டாப்பரையும் பூட்டையும் கூடவே மாற்றிவிட வேண்டும்.

'வண்டி அதிகம் ஓடவில்லை, அதனால் நன்றாக இருக்கும்' என்ற கணக்கு இங்கே செல்லாது. பாலியூரித்தேன் நுரைக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆகாது. ஈரம் உள்ளே புகுந்து பொருளின் பிணைப்பையே மெதுவாக உடைக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பத்து வருஷம் நின்ற கார் வெறும் 15,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், ஸ்டாப்பரைத் தொட்டால் பழைய ரஸ்க் மாதிரி நொறுங்கலாம்.

போயிடுச்சுன்னு ஓட்டும்போதே தெரியுமா?

தனியாக ஓட்டும்போது பெரும்பாலும் தெரியாது. ஆள் நிறைந்திருக்கும்போது ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும் நொடியில் 'டம்' என்று ஒரே ஒரு அடி, உலோகம் மோதியது போல, தரை வழியாகக் காலில் உறைக்கும். பின்பக்கம் என்றால் பின் சீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் சொல்வார்கள். மேம்பாலத்து இணைப்பில், பள்ளத்தில், சுமையோடு வேகமாகத் திரும்பும்போதும் இதே அடி வரும்.

சாலையும் ஒரு காரணம். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியில் ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம் என்று இருக்கிறது. அந்த அளவில் சக்கரம் உச்சிக்கு ஏற கால் நொடிக்கு மேல் அவகாசம் கிடைக்கும். தெருவில் இரவோடு இரவாகப் போட்ட 60 செ.மீ. அகலத் திட்டு என்றால் அதே வேகத்தில் அவகாசம் 0.05 நொடி கூட இல்லை. ஸ்டாப்பர் வரை போய் அடிப்பது இந்தத் திட்டுகளில்தான்.

டொக் டொக்னு சத்தம். ஒருத்தர் ஷாக்குங்கிறார், இன்னொருத்தர் லிங்க் ராடுங்கிறார், மூணாமவர் ஸ்டாப்பருங்கிறார். யாரை நம்புறது?

சத்தம் எப்போது வருகிறது என்பதை நம்புங்கள். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில், மெதுவாகப் போகும்போது தொடர்ந்து 'டக டக' என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைப்பது), அல்லது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே தாங்கும் கையின் ரப்பர்). நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'கிர்ர்' என்றோ, ஸ்பிரிங் துள்ளுவது போலவோ வந்தால் ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியோடு இணைக்கும் மவுண்ட், அதன் பேரிங். பெரிய அழுத்தத்தில் மட்டும், ஒரே அடியாக வந்தால்தான் ஸ்டாப்பரைச் சந்தேகப்பட வேண்டும்.

பானட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை ஷாக்கைப் பற்றித்தான் ஏதோ சொல்லும். கையால் அழுத்தும் அழுத்தத்துக்கு வண்டி ஸ்டாப்பரை அடித்து நிற்கும் அளவுக்கு இறங்காது.

வீல் கழட்டாம நானே பார்க்கலாமா?

முன்பக்கம் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்புங்கள். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தால் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே பூட் தெரியும். பூட் கிழிந்து கீழே சரிந்திருந்தால் பாதி பதில் கிடைத்துவிட்டது. பூட்டின் கீழ் விளிம்பை விரலால் மேலே தள்ளினால் கம்பியும் ஸ்டாப்பரும் தெரியும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடாதீர்கள்.

நல்ல ஸ்டாப்பரின் மடிப்புகள் ஒரே மாதிரி, விளிம்பு முழுசாக இருக்கும். அழுத்திவிட்டால் உடனே எழும்பும். மடிப்பின் வளைவில் வெடிப்பு, ஒரு பக்கம் சதை பிய்ந்திருப்பது, அழுத்தினால் குழி அப்படியே நிற்பது, ஷாக்கின் தலையில் பழுப்பு நிறத்தில் துகள்கள் கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மேல் நிறம் மங்குவது மட்டும் குறை இல்லை. கம்பியில் எண்ணெய் ஈரம் இருந்தால் ஷாக்கும் போயிருக்கிறது.

உதிர்ந்து போச்சு. இப்படியே ஓட்டினா என்ன ஆகும்? பிரேக் மாதிரி ஆபத்து இல்லையே?

உடனே நின்றுவிடாது. ஆனால் ஒவ்வொரு அடியும் இப்போது ஷாக்கின் மேல் விழும். அடியில் இருக்கும் வால்வு உடையும், எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் கசியும், சில நேரம் கம்பியே வளையும். அடுத்தது மேல் மவுண்ட்டின் ரப்பர். சில நூறு ரூபாய்ப் பொருளைத் தள்ளிப்போட்டதற்கு ஷாக் ஜோடியும் மவுண்ட் ஜோடியும் சேர்ந்து பில்லில் வரும். உதிர்ந்த துகளும், கிழிந்த பூட் வழியே நுழையும் மண்ணும் கம்பியைக் கீறும். கீறிய கம்பி ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போது சீலை அரம்போல அறுக்கும்.

ஆபத்தும் உண்டு. வளைவில் சுமையோடு திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் திடீரென்று இரும்பில் முட்டினால் அந்த மூலையில் சஸ்பென்ஷனே இல்லாத நிலை. அந்த நொடியில் டயரின் பிடி விடும். பின்பக்கம் என்றால் வால் விலகும். மாற்றும் வரை ஆள் குறைவாக ஏற்றி, ஸ்பீட் பிரேக்கரில் நடக்கும் வேகத்துக்கு இறங்கி ஓட்டுங்கள். குடும்பத்தோடு வெளியூர்ப் பயணம் என்றால் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

போன மாசம்தான் புது ஷாக் போட்டேன். பழைய ஸ்டாப்பரையே மாட்டிட்டாங்க. பரவாயில்லையா?

இதுதான் அதிகம் நடக்கும் தவறு. கடையில் ஷாக் தனியாகத்தான் வரும். ஸ்டாப்பரும் பூட்டும் தனியாகக் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காவிட்டால் பழையதே திரும்ப ஏறும். முன்பக்க வேலையில் செலவு கழற்றி மாட்டும் கூலியில்தான் இருக்கிறது. இப்போது மிச்சம் பிடித்த சிறு தொகைக்காக அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க நேரும்.

பழையது முழுசாக, எழும்பும் தன்மையோடு இருந்ததை நீங்களே பார்த்திருந்தால் அவசரமில்லை. மேலே சொன்னபடி பூட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருங்கள். பார்க்கவே இல்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்த முறை வேலைக்கு விடும்போது ஷாக் இரண்டு, ஸ்டாப்பர் இரண்டு, பூட் இரண்டு, நடு நட்டு (மவுண்ட்டின் நடுவில் கம்பியைப் பிடிப்பது) இரண்டு என்று எழுதிக் கொடுங்கள். மேல் மவுண்ட்டையும் பேரிங்கையும் வெளியே எடுத்ததும் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஒரு பக்கம்தான் போயிருக்கு. ஒண்ணு மட்டும் மாத்தினா போதாதா?

போதாது. இரண்டும் ஒரே வயசு, ஒரே வெயில், ஒரே சாலை. அதோடு இது ஸ்பிரிங் வேலையும் பார்க்கிறது என்பதால், ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால் சுமையில் வண்டி ஒரு பக்கம் அதிகம் அமுங்கும். முன்பக்கம் என்றால் முன் இரண்டு, பின்பக்கம் என்றால் பின் இரண்டு. நான்கும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை.

வீட்டிலேயே மாத்த முடியுமா?

பின்பக்கம், ஷாக் தனியாக இருக்கும் கார்களில், ஸ்பேனர் பழக்கம் உள்ளவர் செய்யலாம். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றினால் பீம் தொங்கி, ஸ்பிரிங் வெளியே வரும், பிரேக் ஹோஸ் இழுபடும். ஷாக்கின் கீழ் போல்ட்டை இறுதியாக முறுக்குவது வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

முன்பக்க ஸ்ட்ரட்டைப் பட்டறையில் விடுங்கள். அமுக்கிய ஸ்பிரிங் பல நூறு கிலோ விசையோடு காத்திருக்கிறது. பானட்டுக்குள் தெரியும் மவுண்ட்டின் நடு நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் கழற்றினால் மவுண்ட்டும் ஸ்பிரிங்கும் முகத்துக்கு நேரே வெடித்துக் கிளம்பும். உயிரே போகலாம். சரியான வரிசை இது: பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர், லிங்க் ராடு விடுவித்து, சக்கரப் பக்கத்து இரண்டு போல்ட்டுகளின் நிலையைப் பெயின்ட்டால் குறித்துக் கழற்றி, மேலே சுற்றிலும் உள்ள நட்டுகளை எடுத்து ஸ்ட்ரட்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். கம்ப்ரஸரின் கொக்கிகளை எதிரெதிரே போட்டு, ஸ்பிரிங் தன் இருக்கையில் கையால் ஆட்டும் அளவுக்குத் தளர்ந்த பிறகே நடு நட்டைத் தொடலாம். கம்பி சுற்றாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். ஏர் கன் வைத்துச் சுற்றினால் கம்பியும் சேர்ந்து சுழன்று சீல் கெடும். நடு நட்டு தானாகத் தளராத வகை என்பதால் புதியது போட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) முறுக்க வேண்டும்.

ரப்பர் மாத்தினதுக்கு வீல் அலைன்மெண்ட் எதுக்கு? பில்லை ஏத்துறாங்களா?

முன் ஸ்ட்ரட்டைக் கழற்றியிருந்தால் நியாயமான செலவு. மேலே சொன்ன இரண்டு போல்ட்டுகளின் துளையில் இருக்கும் நூலிழை இடைவெளியே சக்கரத்தின் சாய்வை மாற்றப் போதும். பெயின்ட் குறி நெருக்கமாகக் கொண்டுவரும், துல்லியமாகக் கொண்டுவராது. பின்பக்க ஷாக்கை மட்டும் கழற்றி மாட்டினால் அலைன்மெண்ட் தேவையில்லை.

என் காரோடது கிடைக்கல. அளவு ஒத்துப்போற வேற கார் ஸ்டாப்பர், இல்ல கெட்டி ரப்பர் போடலாமா?

துளையும் தடிமனும் ஒத்துப்போனால் மட்டும் போதாது. உயரமும் கெட்டித்தன்மையும் முக்கியம். 15 மி.மீ. நீளம் கூடினால் ஆள் ஏறாமலே அதன் மேல் வண்டி உட்கார்ந்து, சின்னக் கல்லும் முதுகில் உறைக்கும். குறைந்தால் ஷாக் அடிவரை போகும். நுரைக்குப் பதில் கெட்டி ரப்பர் போட்டால் மெதுவாக இறுகும் குணம் போய், இடி நேராக மவுண்ட்டுக்கும் பாடிக்கும் போகும். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுத்து வரவழையுங்கள். ஒரே பெயரில் வரும் காரிலேயே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஸ்டாப்பர் வேறாக இருக்கலாம்.

பின்னாடி வண்டி இறங்குது. ஸ்பிரிங் நடுவுல சொருகுற ரப்பர் பஃபர் விக்கிறாங்களே, அதைப் போட்டா ஸ்டாப்பர் வேண்டாமா?

தயவுசெய்து போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு. பம்ப் ஸ்டாப்பர் பயணத்தின் கடைசியில் வேலை செய்யும். அந்தப் பஃபர் சுருள்களுக்கு நடுவே நிரந்தரமாக உட்கார்ந்து ஒரு சுற்றையே செயலிழக்க வைக்கும். அந்தச் சுற்று செய்ய வேண்டிய வேலை மற்ற சுற்றுகளின் மேல் விழும். ஸ்பிரிங் பஃபரை ஒட்டிய இடத்தில் உடைவது இதனால்தான். வண்டி உயர்ந்த மாதிரி தெரியும், அவ்வளவே.

வண்டி இறங்குவதற்குக் காரணம் தளர்ந்த ஸ்பிரிங். சமதளத்தில், ஆள் இல்லாமல், சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுவதுதான் தீர்வு.

சி.என்.ஜி. கிட் போட்டிருக்கேன். தம்பி காருக்கு லோயரிங் ஸ்பிரிங். எங்களுக்கு ஏதாவது வித்தியாசமா?

இரண்டு பேருக்கும் ஸ்டாப்பர் சீக்கிரம் போகும். 60 லிட்டர் இரும்பு சிலிண்டர் சுமார் 60 கிலோ; பின் ஆக்ஸிலுக்கு மேல் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். வெளியில் கிட் போடும்போது பின் ஸ்பிரிங்கை யாரும் தொடுவதில்லை. அதனால் பின் ஸ்டாப்பரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், பின் சீட்டில் மூன்று பேரோடு டிக்கியிலும் சுமை ஏற்றுவதைத் தவிருங்கள்.

வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்டால் வண்டி ஸ்டாப்பருக்கு அருகிலேயே நிற்கும். ஸ்பிரிங் தயாரிப்பாளர் ஸ்டாப்பரை இத்தனை மில்லிமீட்டர் வெட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் வெட்டுங்கள். அதுவும் மவுண்ட் பக்கத் தடித்த முனையில். குறுகிய முனைதான் மென்மையாகத் தொடங்கும் பகுதி, அதை வெட்டினால் முதல் தொடுகையே அடியாக விழும். எழுதாத வண்டியில் கண் அளவில் வெட்டுவது ஷாக்கைப் பலி கொடுப்பது.

பொலேரோ மாதிரி சேஸிஸ் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

தத்துவம் ஒன்று, பொருள் வேறு. பட்டை ஸ்பிரிங் உள்ள பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேஸிஸில் போல்ட் போட்ட கெட்டி ரப்பர் இருக்கும். வெளியிலேயே தெரிவதால் சோதிப்பது எளிது. வெடிப்பு, இரும்புத் தட்டிலிருந்து ரப்பர் பிரிந்திருப்பது, போல்ட் தளர்ந்திருப்பது பாருங்கள். அடிக்கிறதா என்று தெரிய, ரப்பரின் முனையில் கொஞ்சம் சாக்பீஸ் பூசி, வழக்கமான சுமையோடு ஒரு நாள் ஓட்டுங்கள். ஆக்ஸிலில் வெள்ளைத் தடம் படிந்திருந்தால் அடிக்கிறது. தினமும் படிந்தால் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. பட்டை தளர்ந்திருக்கும், அல்லது சுமை அதிகம்.

புதுசா போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல, மறுபடி கிழிஞ்சிடுச்சு. டூப்ளிகேட் பொருளா?

இருக்கலாம், ஆனால் முதலில் மாட்டிய விதத்தைப் பாருங்கள். ஷாக்கின் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். ஸ்டாப்பர் மோதுவது அதன் மேல்தான். பல மூடிகளில் உள்ளே சிக்கும் காற்று வெளியேறப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். புது ஷாக்குக்கு மூடியை மாற்றிப் போட மறந்தால், ஷாக்கின் கூர் விளிம்பு ஒவ்வொரு அடியிலும் நுரையை வட்டமாக அறுக்கும். அடுத்து, தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஸ்ட்ரட்டுகளில் குறுகிய முனை கீழே. ஆனால் எல்லாக் காரிலும் இல்லை என்பதால் பழையதைக் கழற்றும்போதே படம் எடுத்து வைப்பது நல்லது. 'சுலபமாக இறங்கட்டும்' என்று கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவியிருந்தால் அதுவும் நுரையைக் கெடுக்கும். காய்ந்த நிலையிலேயே மாட்ட வேண்டும்.

இவை எல்லாம் சரி என்றால், ஸ்டாப்பர் தன் பங்குக்கு மேல் உழைக்கிறது. ஸ்பிரிங் உயரத்தை மேலே சொன்னபடி அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் ஷாக்கைச் சந்தேகப்படுங்கள். எண்ணெய் கசியாமலே உள் வால்வு தேய்ந்த ஷாக் சக்கரத்தின் வேகத்தை அடக்காது. ஒவ்வொரு திட்டிலும் சக்கரம் முழு வேகத்தில் வந்து ஸ்டாப்பரில் மோதும். கழற்றிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, கம்பியை முழுசாகச் சில முறை அமுக்கி இழுத்துப் பாருங்கள். எந்த இடத்திலாவது தடையே இல்லாமல் 'சரக்'கென்று இறங்கினால் மூன்றாவது ஸ்டாப்பரை வாங்குவதற்கு முன் ஷாக் ஜோடியை மாற்றுங்கள்.